பணிமனைப் பொறுப்பேற்கும் முன் ஒரு படிப்பு

(திருச்சிராப்பள்ளியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேருந்துக் கழகங்களை நிர்வகிப்பவர்கள் எங்கே படிக்கிறார்கள், எதைப் படிக்கிறார்கள், எப்போது படிக்கிறார்கள் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். கட்டணம் உயர்ந்தால் ஊரே பேசுகிறது. வண்டி பழுதாகி வழியில் நின்றால் மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. வேலைநிறுத்தம் என்றால் தொலைக்காட்சியில் விவாதம் நடக்கிறது. ஆனால் ஒரு கிளை மேலாளர் அந்த நாற்காலியில் உட்காரும் முன் என்ன கற்றுக்கொண்டு வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. இந்த அவையில் நான் கேட்கிறேன். நம் பேருந்துகள் பிழைக்குமா, நலியுமா என்பதை இந்தக் கேள்விக்கான விடையே பெருமளவு தீர்மானிக்கும் என்று நம்புகிறேன்.

தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எட்டு. அவற்றில் ஏறத்தாழ 20,000 பேருந்துகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட பணிமனைகள். ஒரு நடுத்தரப் பணிமனை என்றால் அறுபது எழுபது வண்டிகள், முந்நூறு நானூறு ஆட்கள். பொழுது விடியும் முன்பே முதல் வண்டி கேட்டைத் தாண்டும். நள்ளிரவை ஒட்டிக் கடைசி வண்டி உள்ளே வரும். இடைப்பட்ட நேரத்தில் பல ஆயிரம் பேர் பள்ளிக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போய்ச் சேர்வது, கிளை மேலாளர் முந்தைய நாள் எடுத்த முடிவுகளைப் பொறுத்தது. துணி விற்காவிட்டால் ஆலைக்காரர் கிடங்கில் அடுக்கி வைக்கலாம். காலியாக ஓடிய இருக்கையை நாளைக்கென்று யாராலும் எடுத்துவைக்க முடியாது. இவ்வளவு கடினமான தொழில் இது.

நம் மேலாளர்கள் வண்டியை நன்றாக அறிந்தவர்கள். இதை நான் முகத்துதிக்காகச் சொல்லவில்லை. காலையில் அவர்கள் மேசைக்கு வரும் தாளைப் பாருங்கள். நேற்று எத்தனை வண்டி ரூட்டுக்குப் போனது, எத்தனை நடை கட் ஆனது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைத்தது, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை பிரேக்டவுன், டயர் எவ்வளவு உழைத்தது, கிலோமீட்டருக்கு எவ்வளவு கலெக்‌ஷன். இந்தக் கணக்குகளில் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது. எரிபொருள் சிக்கனத்துக்காகத் தமிழ்நாட்டுக் கழகங்கள் அகில இந்திய அளவில் பலமுறை பரிசு வாங்கியிருக்கின்றன. பழைய வண்டியை வைத்துக்கொண்டு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்கு மேல் எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது? வரலாறு இருக்கிறது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தானே ஓட்டித் தொழில் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு. அவருடைய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் பிறகு பெரிய நிறுவனமாக வளர்ந்தது. அந்தப் பேருந்து முதலாளிதான் 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் உண்டாகக் காரணமாக இருந்தார். அதன் முதல்வராகவும் இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு நீளம், இரண்டு ஆண்டு போதும் என்று வாதாடி, அது ஏற்கப்படாததால் பதவியை விட்டார். அவர் வாதத்தை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். பேருந்துத் தொழில் செய்தவர் கல்வியைப் பற்றி இவ்வளவு தீவிரமாக யோசித்தார் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அன்றைய தனியார் நிறுவனங்களிடம் நேரம் தவறாமையும் இருந்தது; மதுரைப் பக்கம் டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு.

1972-இல் பெரிய தனியார் நிறுவனங்களின் வண்டிகள் அரசுடைமையாகி, சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று கழகங்கள் எழுந்தன. பல மாநிலங்கள் 1950-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின் கீழ் ஒரே பெரிய கழகம் அமைத்தன. தமிழ்நாடு கம்பெனிச் சட்டத்தின் கீழ்ச் சிறுசிறு கழகங்களாக அமைத்தது. 1997-இல் தலைவர்கள், மன்னர்கள் பெயர்கள் எல்லாம் நீங்கி ஒரே பொதுப்பெயர் வரும்வரை அவை பெருகிக்கொண்டே போயின. இந்தத் திருச்சிக்கே தீரன் சின்னமலை என்று தனிக் கழகம் இருந்தது. புதிய கழகங்களுக்கு உடனடியாகத் தேவைப்பட்டவர்கள் வண்டியை ஓடவைக்கத் தெரிந்தவர்கள். அதனால் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பொறியாளர்கள் உதவிப் பொறியாளர்களாகச் சேர்ந்து, கிளை மேலாளராகி, கோட்ட மேலாளராகி, பொது மேலாளராகி மேலே வந்தார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு. சாலை மோசம், உதிரிப்பாகம் தட்டுப்பாடு, வண்டி ஓடினாலே பெரிது என்ற காலம் அது.

பயிற்சி நிறுவனங்களும் அந்தத் தேவைக்கு ஏற்பவே வளர்ந்தன. மாநிலப் போக்குவரத்து நிறுவனங்களின் கூட்டமைப்பு 1965-இல் அமைந்தது. அதுவும் மத்திய அரசும் சேர்ந்து 1967-இல் புனே அருகே மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனத்தைத் தொடங்கின. தமிழ்நாடு 1976-இல் சென்னை தரமணியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தை நிறுவியது. இந்த நிறுவனத்தின் பெயரால் ஈரோட்டில் பொறியியல் கல்லூரியும் பெருந்துறையில் மருத்துவக் கல்லூரியும் வந்தன. பின்னாளில் அவை அரசுக் கல்லூரிகளாயின. கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர் பயிற்சி நடக்கிறது. போக்குவரத்துத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை டாக்டராக வழி செய்த மாநிலம் இது. அந்தத் தொழிலாளிக்கு மேலாளராக வருபவருக்கு முறையான, நீண்ட, தேர்வுடன் கூடிய ஒரு மேலாண்மைப் படிப்பைக் கட்டாயமாக்கவில்லை என்பதுதான் என் குறை.

பயிற்சி வகுப்பே கிடையாது என்று நான் சொல்லவில்லை. மூன்று நாள், ஐந்து நாள் வகுப்புகள் உண்டு. நானும் அவற்றில் பாடம் எடுத்திருக்கிறேன். வருகிறவர்கள் புத்திசாலிகள், கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள். ஆனால் பணிமனையிலிருந்து யாரை விடுவிக்க முடியுமோ அவரை அனுப்புகிறார்கள். வகுப்பு நடக்கும்போது கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருக்கும். அங்கே வண்டி வழியில் நின்றிருக்கும், இவர் வராந்தாவுக்கு ஓடுவார். கடைசி நாளில் சான்றிதழ், குழுப்படம். ஊர் திரும்பியதும் பழைய தாள், பழைய கேள்விகள். ஒருவர் பதவி உயர்வுக்கு முன்பு வருகிறார், இன்னொருவர் ஓய்வுபெற ஓராண்டு இருக்கும்போது வருகிறார். அந்த வயதில் கற்றதை அவர் எங்கே கொண்டுபோய்ச் செயல்படுத்துவார்?

இதே ஊரில் ரயில்வேயின் பயிற்சி நிலையம் இருக்கிறது. நிலைய அதிபராகப் போகிறவர் அதுபோன்ற நிலையத்தில் மாதக்கணக்கில் படித்துத் தேறாமல் ஒரு சிக்னலைக்கூடத் தொட முடியாது. ரயில்வே அதிகாரிகளுக்கான கல்லூரி 1930-இல் டேராடூனில் தொடங்கி, 1952-இல் வடோதராவுக்கு மாறி, அங்கே நெடுங்காலம் நடந்தது. ரயில்வேயில் இன்ஜினைப் பராமரிப்பவர் வேறு, ரயிலை எப்போது எங்கே இயக்குவது என்று தீர்மானிப்பவர் வேறு. இரண்டாமவருக்கென்று நெடுங்காலம் தனிப் பணி அணியே இருந்தது. பேருந்தில் நாம் அந்த இரண்டாவது வேலையைத் தனித்த ஒரு கல்வியாக மதிக்கவே இல்லை. அந்த வேலை நேரக்காப்பாளர் அறையில், பழைய அட்டவணையின் மேல் பேனாவால் திருத்தி எழுதியபடி நடக்கிறது.

அந்த இரண்டாவது வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பொறுமையோடு கேளுங்கள். இதில் கொஞ்சம் கணக்கு உண்டு.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் நடுவே ஒரு நிறுத்தத்தில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு தடத்தில் மணிக்கு ஐந்து வண்டி. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று சீராக வந்தால், நேரம் பார்க்காமல் வந்து நிற்கும் பயணி சராசரியாக ஆறு நிமிடம் காத்திருப்பார். இப்போது அதே ஐந்து வண்டிகள் கூட்டமாக வருகின்றன. இருபத்தெட்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நிமிட இடைவெளியில் மூன்று. மறுபடி இருபத்தெட்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு. கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு பதின்மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது. அறுபது நிமிடத்தில் ஐம்பத்தாறு நிமிடம் அந்த நீண்ட இடைவெளிகள். அதாவது நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேர் அந்த வெறுமையில்தான் வந்து நிற்கிறார்கள். சேர்ந்து வந்த மூன்றில் முதல் வண்டியின் படிக்கட்டில் தொங்குவார்கள். மூன்றாவது வண்டி காற்று வாங்கிக்கொண்டு போகும்.

இப்போது மேலாளரின் காலைத் தாளுக்குப் போவோம். இரண்டு நாளும் ஐந்து வண்டி ஓடின. கிலோமீட்டர் ஒன்றே. டீசல் ஒன்றே. சம்பளம் ஒன்றே. நடை எதுவும் கட் ஆகவில்லை. தாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. வெயிலில் நின்ற பயணிக்கு மட்டும் இரண்டு நாளும் ஒன்றல்ல. அவர் கொஞ்ச நாள் பொறுப்பார். பிறகு தவணைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்குவார். கழகம் இழந்த பயணியை எந்தப் பதிவேடும் காட்டாது.

வண்டிகள் ஏன் இப்படிச் சேர்ந்துகொள்கின்றன? ஓட்டுநரைத் திட்டுவது சுலபம். ஆனால் கார்டன் நியூவெல், ரென்ஃப்ரே பாட்ஸ் என்ற இருவர் 1964-இலேயே இதற்குக் கணித விளக்கம் எழுதிவிட்டார்கள். ஒரு வண்டி ஏதோ காரணத்தால் இரண்டு நிமிடம் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் கூடிவிடுகிறார்கள். ஏற்றிக்கொள்ள நேரம் அதிகம் பிடிக்கிறது, மேலும் தாமதம். பின்னால் வரும் வண்டிக்கு ஆள் குறைவு. அது சீக்கிரம் சீக்கிரமாக நகர்ந்து முன்வண்டியைப் பிடித்துவிடுகிறது. யாரும் தவறு செய்யாமலே இது நடக்கும். தவறும் சேர்ந்தால் இன்னும் மோசம். இந்த ஊரில் தனியார் டவுன் பஸ்களும் அரசு வண்டிகளும் ஒரே சாலையில் ஓடுகின்றன. கலெக்‌ஷனைப் பொறுத்துப் படி என்று இருந்தால், முன்வண்டியை முந்திக்கொண்டு அதன் பயணிகளை அள்ளுவதுதான் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் லாபம். சேர்ந்து ஓடுவதற்கு நாமே கூலி கொடுக்கிறோம்.

மருந்து இருக்கிறது. தடத்தின் நடுவே ஓரிரு இடங்களில் வண்டியை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நிறுத்தி இடைவெளியைச் சரிசெய்யலாம். கடைசி நிறுத்தத்தில் போதிய ஓய்வு நேரம் வைத்து, தாமதம் அடுத்த நடைக்குத் தொற்றாமல் தடுக்கலாம். கூட்டம் ஏறும் இடத்தில் இரண்டு கதவையும் பயன்படுத்த ஏற்பாடு செய்யலாம். எந்த மருந்து எந்தத் தடத்துக்கு, எவ்வளவு என்று தெரிவதற்குத்தான் படிப்பு வேண்டும். பொறியியல் பட்டத்தில் இது வராது. அனுபவத்தில் பாதி வரும், மீதி வராது.

சுற்று நேரம் என்று ஒன்று உண்டு. வண்டி புறப்பட்டு, மறுமுனை போய், திரும்பி வந்து, அடுத்த நடைக்குத் தயாராகும்வரை ஆகும் மொத்த நேரம். அது நூறு நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வேண்டும் என்றால் பத்து வண்டி தேவை. சாலை நெரிசலாகிச் சுற்று நேரம் நூற்றிருபது ஆகிவிட்டால், அதே பத்து வண்டி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒன்றுதான் கொடுக்கும். இரண்டு புதிய வண்டி கேட்டு அரசுக்குக் கோப்பு எழுதலாம். அல்லது எந்தச் சந்திப்பில், எந்த வளைவில் அந்த இருபது நிமிடம் போகிறது என்று அளந்து, போக்குவரத்துக் காவல் அதிகாரியிடமும் மாநகராட்சிப் பொறியாளரிடமும் போய் உட்கார்ந்து பேசலாம். இரண்டாவதைச் செய்யும் மேலாளர் எனக்கு வேண்டும். 2025-இல் பஞ்சப்பூர் முனையம் இந்த ஊருக்கு வந்தது. வெளியூர் வண்டிகள் அங்கே போனதும் எத்தனை டவுன் பஸ்களின் சுற்று நேரம் மாறியது, எந்தப் பேட்டைக்காரர் இரண்டாவது பஸ் பிடிக்கவேண்டியதாயிற்று என்று யோசித்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் முனையம் திறந்தபோது சென்னை இதையே பார்த்தது. முனையம் கட்டுவது பொதுப்பணி. அதைச் சுற்றி ஊரின் நேர அட்டவணை முழுவதையும் மறுபடி நெய்வது மேலாளரின் படிப்பு.

எதை அளக்கிறோமோ அதையே மேலாளர் கற்றுக்கொள்கிறார். லண்டனில் 2001 முதல் பேருந்து ஒப்பந்தங்களில் வண்டி அடிக்கடி வரும் தடங்களுக்கு, சீராக வந்தால் காத்திருக்கவேண்டிய நேரத்தைவிடப் பயணி எவ்வளவு அதிகம் காத்திருந்தார் என்று அளந்து, அதற்கேற்ப நிறுவனத்துக்கு ஊக்கத்தொகையோ பிடித்தமோ செய்கிறார்கள். சிங்கப்பூர் 2014-இல் அதே வழிக்கு வந்தது. அங்கே நிலப் போக்குவரத்து ஆணையம் தன் பயிற்சிக் கழகத்தை 2006-இல் தொடங்கியது. மேலாளருக்குப் பாடமும் அளவுகோலும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நம்மிடம் நடத்துநர் கையில் டிக்கெட் இயந்திரம் இருக்கிறது; எந்த ஸ்டேஜில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்ற செய்தி அதில் தினமும் பதிவாகிறது. அதைக் கலெக்‌ஷன் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துவது பெரிய வீண்.

பணம் பற்றிய பாடம் இன்னும் அவசரமானது. பல்லவன் பிறந்த அதே 1972-இல் ஹெர்பர்ட் மோரிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பேருந்தில் பயணிகள் கூடினால் வண்டிகள் கூடுகின்றன. வண்டிகள் கூடினால் ஏற்கெனவே பயணம் செய்தவர்களுக்கும் காத்திருப்பு குறைகிறது. புதிதாக வந்த ஒவ்வொரு பயணியும் பழைய பயணிகளுக்கு நன்மை செய்கிறார். அந்த நன்மைக்குச் சந்தையில் விலை இல்லை. ஆகவே பேருந்துக்குப் பொதுப்பணம் கொடுப்பதில் பொருளியல் நியாயம் உண்டு என்று காட்டினார். இதைப் படித்த மேலாளர் நஷ்டம் என்று கூனிக்குறுக மாட்டார். எந்தத் தடத்தில் இழப்பு நியாயமானது, எதில் அது நிர்வாகக் குறையால் வந்தது என்று பிரித்துக் காட்டி நிதித்துறையோடு வாதாடுவார். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதன் பிறகு கிலோமீட்டருக்கு இவ்வளவு வசூல் என்ற பழைய அளவுகோல் அந்த வண்டிகளுக்குப் பொருளற்றதாகிவிட்டது. அந்த வண்டியின் வெற்றியை எதைக்கொண்டு அளப்பது? எந்தப் பெண் எந்த வேலைக்குப் போக முடிந்தது, எந்த நேரத்தில் இன்னும் வண்டி இல்லாமல் நிற்கிறார் என்பதைக்கொண்டுதான். அதை அளக்கும் வழி மேலாளருக்குக் கற்றுத்தரப்பட வேண்டும்.

இங்கே ஒன்றை மனம்விட்டுச் சொல்கிறேன். நம்மிடம் உலகத்துக்கே பாடமாகும் அறிவு இருக்கிறது. அது எழுதப்படாமல் கிடக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆயிரக்கணக்கான சிறப்புப் பேருந்துகளைச் சில நாள்களுக்குள் திரட்டி, சென்னையைக் காலிசெய்து, திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறோம். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து, நாலா திசையிலிருந்தும் வரும் லட்சக்கணக்கானவர்களைப் பிரித்து இறக்கி ஏற்றுகிறோம். மாதந்தோறும் பௌர்ணமி கிரிவலத்துக்குச் சிறிய அளவில் அதையே செய்கிறோம். இங்கே சமயபுரத்துக்கும் ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக்கும் செய்கிறோம். எந்தப் பணிமனை எத்தனை வண்டி தரும், ஓட்டுநர் எங்கே தூங்குவார், டீசல் எங்கே, காலியாகத் திரும்பும் வண்டியை எந்த வழியில் விடுவது, கூட்டம் எந்த மணிக்கு உடையும் என்பதெல்லாம் சில மூத்த அலுவலர்களின் தலையில் இருக்கிறது. அவர்கள் ஓய்வுபெறும் நாளில் சால்வை போட்டு அனுப்பிவிடுகிறோம். அந்த அறிவும் கூடவே போய்விடுகிறது. மேலைநாட்டு மேலாண்மைப் பள்ளிகளில் ஒரு நிறுவனத்தின் உண்மை நிகழ்வை இருபது பக்கத்தில் எழுதி, மாணவர் முன் வைத்து, நீ இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். தீபத்திருவிழா ஏற்பாட்டை அப்படி எழுத ஒரு ஆண்டு போதும். தமிழில் எழுதுங்கள். நேரக்காப்பாளரும் படிக்கட்டும்.

வேலை மாறிக்கொண்டும் இருக்கிறது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து சென்னையின் மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்துடையவை. தடமும் நேரமும் நடத்துநரும் கழகத்துடையவை. டயரும் இன்ஜினும் தெரிந்த மேலாளருக்கு இங்கே வேலை குறைவு. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் தெரிந்தவருக்கு வேலை அதிகம். எந்த வண்டி எப்போது மின்னேற்றம் செய்வது என்பதும் இனி நேர அட்டவணையின் பகுதி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேருந்தை எல்லோரும் ஏறத்தக்கதாகக் கேட்கிறது. தாழ்தளப் பேருந்து வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. நிறுத்தத்தின் மேடையை ஒட்டி வண்டி நிற்காவிட்டால் சக்கர நாற்காலி ஏறாது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு, எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பணி முடியவேண்டும் என்று விதித்தது. டியூட்டி சார்ட் போடுபவர் பணி நேரச் சட்டத்தை வரிவரியாக அறிந்திருந்தால் பல விபத்துகளைத் தவிர்க்கலாம். தூக்கமில்லாத ஓட்டுநரின் கையில் ஐம்பது அறுபது உயிர்களைக் கொடுப்பது நிர்வாகம் ஆகாது.

சரி, படிப்பு எப்படி இருக்கவேண்டும்? ஓராண்டு என்கிறேன். கிளை மேலாளராகும் முன், தேர்வுடன். முதல் சில வாரங்கள் வகுப்பறையே வேண்டாம். பயணிகளோடு பயணம் செய்யட்டும். கழக அடையாள அட்டை இல்லாமல், டிக்கெட் எடுத்து. இரவு கடைசி வண்டிக்குக் காத்திருக்கும் செவிலியரோடும், முதல் வண்டியில் கூடையோடு ஏறும் பூக்காரம்மாவோடும் பேசட்டும். பிறகு நேரக்காப்பாளர் அருகே உட்காரட்டும். அதன் பின் வகுப்பறைக்கு வந்து, ஒரு உண்மையான தடத்துக்கு அட்டவணையைக் கையால் போட்டு, அதை அந்தப் பணிமனையில் ஓட்டிக் காட்டட்டும். ஓடாத அட்டவணைக்கு மதிப்பெண் கிடையாது. கணக்கியல், தொழிலாளர் சட்டம், தகவல் ஆய்வு எல்லாம் இந்த வேலையின் ஊடே வரட்டும். தனித்தனி உரைகளாக வந்தால் தங்காது. ஐ.ஐ.டி.யிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் போக்குவரத்துப் பொறியியல் கற்பிப்பவர்கள் இருக்கிறார்கள். வடோதராவில் 2018-இல் தொடங்கிய போக்குவரத்துக் கல்வி நிறுவனம் 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது. தரமணியில் சொந்த நிறுவனமே இருக்கிறது. ஆசிரியர் பஞ்சம் என்று சொல்ல இடமில்லை.

இந்தப் படிப்பில் யார் சேரலாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பொறியாளருக்கு மட்டும் என்று பூட்டிவைக்கக் கூடாது. பட்டம் பெற்ற நடத்துநர்கள் நம்மிடம் எத்தனையோ பேர். செக்கிங் இன்ஸ்பெக்டருக்கு மேல் அவர்களில் பெரும்பாலோருக்குப் படி இல்லை. பிரிட்டனில் 1919-இல் போக்குவரத்துத் தொழிலுக்கென்று ஒரு தொழில்முறை நிறுவனம் அமைந்தது. 1926-இல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. அதன் தேர்வுகளை எழுதி எழுத்தர்கள்கூட மேலே வர வழி பிறந்தது. லண்டன் போக்குவரத்தை உருவாக்கியவர்களில் முதன்மையான ஃபிராங்க் பிக் சட்டம் படித்தவர், பொறியாளர் அல்ல. பயணி எதைப் பார்க்கிறார், எங்கே குழம்புகிறார் என்று பார்த்துப் பார்த்துப் பலகை, வரைபடம், எழுத்து வடிவம்வரை சீர்செய்தார். அப்படிப்பட்ட கண் ஒரு நடத்துநரிடம் இருக்கலாம். பெண் நடத்துநரிடம் இருக்கலாம். பெண்களே பெரும் பங்கு ஏறும் வண்டிகளை நிர்வகிக்கும் இடத்தில் பெண்கள் இவ்வளவு குறைவாக இருப்பது நியாயமே இல்லை.

அனுபவம் போதாதா என்று மூத்தவர்கள் கேட்பார்கள். அனுபவத்தை நான் வணங்குகிறேன். தீபத்திருவிழாவைப் பற்றி அதனால்தான் சொன்னேன். ஆனால் ஒரே தாளை முப்பது ஆண்டு பார்த்தவருக்கு அந்தத் தாளில் இல்லாதது கண்ணில் படாது. செலவு யார் கொடுப்பது என்று நிதி அலுவலர் கேட்பார். சுற்று நேரத்தில் பத்து நிமிடம் மிச்சப்படுத்தினால் பத்து வண்டி ஓடும் தடத்தில் ஒரு வண்டி மிச்சம் என்று இப்போதுதான் பார்த்தோம். ஒரு பணிமனையில் இரண்டு தடத்தில் அதைச் செய்துவிட்டால் அந்த மேலாளரின் ஓராண்டுப் படிப்புச் செலவு திரும்பிவிடும். படிக்கப் போனால் பணிமனையை யார் பார்ப்பது என்ற கேள்வி உண்மையானது. அதற்குப் பதில், மேலாளர் பணியிடங்களைக் கொஞ்சம் கூட்டி, படிப்பில் இருப்பவருக்கு மாற்று ஆள் வைப்பது. ராணுவமும் காவல்துறையும் ரயில்வேயும் இதைத்தான் செய்கின்றன.

கழகங்களின் மேலாண் இயக்குநர்களுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் என் வேண்டுகோள் இதுதான். முதல் அணியாக முப்பது பேரைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேர் பொறியாளர்களாகவும் பாதிப் பேர் நேரக்காப்பாளர், நடத்துநர், கணக்கர்களிலிருந்தும் வரட்டும். ஓராண்டு அவர்களை வேறு எதற்கும் கூப்பிடாதீர்கள். தேறி வந்தவர்களைப் படித்ததற்குத் தொடர்பில்லாத இருக்கையில் போடாமல், ஆளுக்கொரு பணிமனையைக் கொடுத்து மூன்று ஆண்டு மாற்றாமல் வையுங்கள். அவர்களின் காலைத் தாளில் முதல் வரியாகப் பயணியின் காத்திருப்பு நேரத்தைச் சேருங்கள். மாணவ மாணவியருக்கும் ஒரு வார்த்தை. கார் நிறுவனமும் மென்பொருள் நிறுவனமும் உங்களைத் தேடி வரும். பேருந்துக் கழகம் தேடி வராது; நீங்கள்தான் தேடிப் போகவேண்டும். போங்கள். அங்கே செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது.